நாஸில் இருக்கும் படங்களை அப்பாச்சி காட்ட மறுக்கிறது: முதலில் 403, இப்போது 404

வைகைக்கரை | திங்கள், இரவு 9:42

வணக்கம். மதுரையில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று பன்னிரண்டு வருடப் படங்கள் ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் மாட்டிய கோப்புக் கிடங்கு) கிடக்கின்றன. ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வருகிறவர்கள் கடையில் இருக்கும் டேப்லெட்டிலேயே பார்க்கட்டும் என்று அக்கா மகன் ஒரு பிஎச்பி பக்கம் எழுதிக் கொடுத்தான். இப்போது அவன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான், ராத்திரி ஷிஃப்ட், போனை எடுப்பதில்லை.

சர்வர் ஒரு பழைய டெஸ்க்டாப். உபுண்டு லினக்ஸ் 22.04, பக்கங்களைப் பிரவுசருக்கு அனுப்ப அப்பாச்சி 2.4. உபுண்டுவின் ஃபைல் மேனேஜரில் நாஸைத் திறந்தால் எல்லாப் படமும் தெரிகிறது. அந்த ஃபோல்டருக்கு ஒரு சிம்பாலிக் லிங்க் (குறுக்குவழி) போட்டு அப்பாச்சியின் எச்டிஎம்எல் ஃபோல்டரில் வைத்தேன். பிரவுசரில் போனால் 403 ஃபர்பிடன், அதாவது அனுமதி இல்லை. எனக்குத் திறக்கிற கோப்பு அதே கணினியில் ஓடுகிற அப்பாச்சிக்கு ஏன் திறக்கவில்லை? இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

வேகவண்டி | திங்கள், இரவு 9:50

சிஎச்மாட் 777 போடுங்க பாஸ், எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கிடைச்சிடும். ஃபோல்டர் மொத்தத்துக்கும். வேலை முடிஞ்சது.

வைகைக்கரை | திங்கள், இரவு 10:04

போட்டேன். மாற்றம் எதுவும் இல்லை. சூடோ போட்டு ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராகச் செய்தால், அவருக்கே 'பர்மிஷன் டினைட்' என்கிறது. ரூட்டுக்கே அனுமதி இல்லை என்றால் என்ன அர்த்தம்?

பழையபெட்டி | திங்கள், இரவு 10:31

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல வேளை, அதைச் சொன்னீர்கள்.

ஃபைல் மேனேஜர் வழியாக நாஸைத் திறக்கும்போது அது உண்மையான மவுண்ட் ஆகாது, அதாவது நாஸ் கணினி முழுவதற்குமான ஒரு ஃபோல்டராக இணையாது. ஜிவிஎஃப்எஸ் என்ற ஒன்று, உங்கள் லாகினுக்காக மட்டும், ரன் ஃபோல்டருக்குள் உங்கள் பயனர் எண்ணின் கீழ் (பெரும்பாலும் 1000) ஒரு திரை கட்டி அதில் படத்தைக் காட்டுகிறது. சாதாரணப் பயனரே இப்படிக் கட்டிக்கொள்ளும் ஃபியூஸ் முறை. கட்டியவரைத் தவிர வேறு யாரும் உள்ளே பார்க்க முடியாது, ரூட் உட்பட. நீங்கள் லாக்அவுட் செய்தால் திரையும் போய்விடும். அப்பாச்சியோ உங்கள் பெயரில் ஓடுவதில்லை. டெபியன், உபுண்டுவில் அதற்கென்று தனிப் பயனர் இருக்கிறார், யூஐடி (பயனர் எண்) 33. அவர் கண்ணுக்கு அங்கே சுவர்தான்.

அப்பாச்சியின் எரர் லாகில் (பிழைப் பதிவேடு) கடைசி வரியைப் பார்த்து இங்கே எழுதுங்கள். 'சிம்பாலிக் லிங்க் அனுமதிக்கப்படவில்லை, அல்லது லிங்க் சுட்டும் இடத்தை எட்ட முடியவில்லை' என்கிற பொருளில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வேகவண்டி, தயவுசெய்து இந்த 777 மந்திரத்தை விடுங்கள். வாசல் கதவு பூட்டியிருக்கும்போது பீரோவைத் திறந்து வைத்து என்ன பயன்?

வைகைக்கரை | திங்கள், இரவு 10:40

அச்சு அசல் அதே வரி. எப்படிச் சொன்னீர்கள்!

பழையபெட்டி | திங்கள், இரவு 10:58

எல்லோரும் ஒரு முறை விழுந்து எழுந்த குழிதான்.

சரி, முறையாக மவுண்ட் செய்வோம். முதலில் நாஸின் நிர்வாகப் பக்கத்தில் வெப் சர்வருக்கென்று ஒரு தனிப் பயனரை உருவாக்குங்கள். படிக்கும் அனுமதி மட்டும் போதும். உங்கள் அட்மின் கணக்கைத் தூக்கிச் சர்வரில் வைக்காதீர்கள். பிஎச்பி பக்கத்தில் ஓட்டை இருந்தால் பன்னிரண்டு வருடக் கல்யாணமும் ஒரே ராத்திரியில் போய்விடும்.

அப்புறம் விண்டோஸ் முறையில் பகிரும் ஃபோல்டரை மவுண்ட் செய்யும் சிஐஎஃப்எஸ் யுடில்ஸ் தொகுப்பை நிறுவி, எதை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதி வைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி. பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் அந்த வரியிலேயே எழுத வேண்டாம். தனிக் கோப்பில் எழுதி, அதற்கு 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) வைத்து, கிரெடென்ஷியல்ஸ் என்ற ஆப்ஷனில் அதன் பாதையைக் கொடுங்கள். யூஐடி, ஜிஐடி (குழு எண்) இரண்டும் 33. படிக்க மட்டும் என்பதால் ஆர்ஓ சேருங்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். இந்த வகை மவுண்டில் கோப்பு யாருடையது, என்ன அனுமதி என்பதெல்லாம் மவுண்ட் செய்யும்போது நாம் கொடுப்பதுதான். எதுவும் கொடுக்காவிட்டால் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாக, 755 (மற்றவர் படிக்கலாம், எழுத முடியாது) ஆகத் தெரியும். பிறகு சிஎச்மாட், சிஎச்ஓன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) என்று எத்தனை முறை அடித்தாலும் பாறையில் எழுதுகிற மாதிரிதான்.

வைகைக்கரை | செவ்வாய், காலை 11:15

செய்தேன். 'மவுண்ட் எரர் 13, பர்மிஷன் டினைட்'. கடவுச்சொல் சரிதான், நாஸின் பக்கத்தில் அதே கடவுச்சொல்லில் உள்ளே போக முடிகிறது. தனிக் கோப்பு எல்லாம் எதற்கு என்று வரியிலேயே எழுதிவிட்டேன், அது பிரச்சினையா?

கொக்குவில் | செவ்வாய், காலை 11:40

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன், எங்கட நூலகத்துக்கு இதே மாதிரி ஒன்று செய்தனான். கடவுச்சொல்லில் காற்புள்ளி ஏதும் இருக்குதா? அந்த வரியில் ஆப்ஷன்களைப் பிரிக்கிறதே காற்புள்ளிதான். உங்கட கடவுச்சொல் பாதியில் வெட்டுப்பட்டுப் போகும். தனிக் கோப்பில் எழுதினால் அந்தக் கரைச்சல் இல்லை.

வைகைக்கரை | செவ்வாய், மதியம் 12:20

இருந்தது! தனிக் கோப்புக்கு மாற்றினேன். 13 போய்விட்டது, இப்போது எஃப்எஸ்டேப் வரியே தப்பு என்கிறது. நாஸில் ஃபோல்டர் பெயர் 'கல்யாண படங்கள்', நடுவில் இடைவெளி உண்டு.

பழையபெட்டி | செவ்வாய், மதியம் 12:33

எஃப்எஸ்டேப்பில் இடைவெளி வந்தால் அடுத்த பத்தி என்று எடுத்துக்கொள்ளும். இடைவெளிக்குப் பதில் \040 என்று எழுதுங்கள். மேற்கோள் குறி போட்டுப் பயனில்லை.

வைகைக்கரை | செவ்வாய், மதியம் 1:05

மவுண்ட் ஆகிவிட்டது!! என் ஹோம் ஃபோல்டருக்குள் 'படம்' என்று ஒன்று உருவாக்கி அதில் மவுண்ட் செய்திருக்கிறேன். டெர்மினலில் எல்லாம் தெரிகிறது. சிம்பாலிக் லிங்க்கை எடுத்துவிட்டு, அந்த ஃபோல்டருக்கு அப்பாச்சியில் ஏலியஸ் (இந்த முகவரிக்கு இந்த ஃபோல்டர் என்று அமைப்பில் எழுதும் வரி) போட்டேன். ஆனால் பிரவுசரில் மறுபடியும் 403.

இரவுப்பணி | செவ்வாய், மதியம் 2:10

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். 403 என்பது ஒரே எண்தான், அதற்குள் இருக்கிற காரணங்கள் வேறு வேறு. பிரவுசரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு முறையும் எரர் லாகைப் பாருங்கள். இப்போது வந்திருக்கிற வரி நேற்றைய வரி இல்லை என்று பந்தயம் கட்டுகிறேன்.

வைகைக்கரை | செவ்வாய், மதியம் 2:31

ஆமாம், வேறு வரி. 'பாதையின் ஒரு பகுதியில் தேடும் அனுமதி இல்லை' என்கிறது. பக்கத்திலேயே என் ஹோம் ஃபோல்டரின் பாதையைக் காட்டுகிறது.

இரவுப்பணி | செவ்வாய், மதியம் 2:48

ஒரு கோப்பை எட்ட வேண்டுமென்றால், மேலிருந்து கீழே வரை வழியில் இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரிலும் எக்சிக்யூட் அனுமதி வேண்டும். அதைத்தான் 'தேடும் அனுமதி' என்கிறது. ஒரு வாசலில் நின்றுவிட்டால் போதும், உள்ளே 777 இருந்தாலும் வேலைக்கு ஆகாது. உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாக்கும் ஹோம் ஃபோல்டர்கள் 750. வெளியாள் யாரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அது நல்லதுக்குத்தான், அதைத் தளர்த்த வேண்டாம்.

நேம்ஐ என்று ஒரு கட்டளை உண்டு, எல் ஆப்ஷனோடு முழுப் பாதையைக் கொடுத்தால் படிப்படியாக எந்த வாசலில் யாருக்கு என்ன அனுமதி என்று அடுக்கிக் காட்டும். பலருக்கு இது தெரியாது, எனக்கே ஆறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இன்னொரு சோதனை: சூடோவில் யு ஆப்ஷன் கொடுத்து அப்பாச்சியின் பயனராக எல்எஸ் (கோப்புப் பட்டியல் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். நீங்கள் உங்கள் பெயரில் பார்த்து 'எல்லாம் தெரிகிறது' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. பார்க்க வேண்டியது அவர்தான்.

தீர்வு எளிது. ஹோமுக்கு வெளியே உள்ள எஸ்ஆர்வி ஃபோல்டருக்கு மாற்றி மவுண்ட் செய்யுங்கள். அப்பாச்சியின் ஏலியஸையும் அங்கே திருப்புங்கள்.

வைகைக்கரை | செவ்வாய், மாலை 5:20

மாற்றினேன். ஏலியஸையும் திருப்பினேன். அப்பாச்சியின் பயனராக எல்எஸ் போட்டால் படங்கள் தெரிகின்றன. பிரவுசரில் 403. இந்தத் தடவை நானே லாகைப் பார்த்துவிட்டேன்: 'சர்வர் அமைப்பு மறுத்தது' என்கிற பொருளில் ஒரு வரி. மூன்று நாளில் மூன்று 403.

இரவுப்பணி | செவ்வாய், மாலை 5:26

இதுதான் கடைசி வாசல். உபுண்டுவின் அப்பாச்சி அமைப்பில் ரூட் ஃபோல்டர் (எல்லாவற்றுக்கும் மேலே உள்ளது) முழுக்க மறுக்கப்பட்டு, யூஎஸ்ஆர் ஷேரும் வார் டபிள்யூடபிள்யூடபிள்யூவும் மட்டும் திறந்து விடப்பட்டிருக்கும். எஸ்ஆர்விக்கான பகுதி கோப்பிலேயே இருக்கும், ஆனால் கமென்ட் ஆகி, அதாவது செயல்படாத குறிப்பாகக் கிடக்கும். உங்கள் ஃபோல்டருக்கு ஒரு டைரக்டரி பகுதி எழுதி அதில் 'ரிக்வயர் ஆல் கிராண்டட்' போடுங்கள். ரீலோட்.

வேகவண்டி | செவ்வாய், மாலை 5:40

'அலவ் ஃப்ரம் ஆல்' தானே போடணும்? எல்லா டுடோரியலிலும் அப்படித்தான் இருக்கு.

இரவுப்பணி | செவ்வாய், மாலை 5:52

அது 2.2 காலத்து முறை. 2012இல் 2.4 வந்தபோதே மாறிவிட்டது. பழையதையும் புதியதையும் ஒரே இடத்தில் கலந்தால் எது ஜெயிக்கும் என்று யாருக்கும் புரியாது. டுடோரியல் எழுதிய வருடத்தைப் பார்த்துவிட்டுப் பிரதி எடுங்கள்.

வைகைக்கரை | செவ்வாய், மாலை 6:15

படம் வந்துவிட்டது. கடையில் இருந்த எல்லோரும் கை தட்டினோம், ஒரு கல்யாணப் பார்ட்டி உட்பட. அவர்களுக்கு எதற்கு என்று தெரியாது. எல்லோருக்கும் நன்றி அண்ணே.

சேலத்துக்காரன் | செவ்வாய், இரவு 8:05

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். எனக்கு விண்டோஸ், அதில் அப்பாச்சியை நிறுவித் தரும் எக்ஸாம்ப் தொகுப்பு. நாஸ் இசட் டிரைவாக மேப் ஆகியிருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் இருந்து அப்பாச்சியைத் தொடங்கினால் இசட் டிரைவில் உள்ள கோப்புகள் வருகின்றன. சர்வீஸாக (பின்னணியில் தானாக ஓடும்படி) நிறுவினால் அந்த ஃபோல்டரே இல்லை என்கிறது. ஒரே கணினி, ஒரே கோப்பு!

பழையபெட்டி | செவ்வாய், இரவு 8:30

வைகைக்கரையின் முதல் கேள்வியும் உங்களுடையதும் ஒன்றுதான், வேட்டிதான் வேறு. மேப் செய்த டிரைவ் எழுத்து என்பது அந்த லாகின் அமர்வுக்கு மட்டும் உரியது. சர்வீஸ் லோக்கல் சிஸ்டம் என்ற கணக்கில் ஓடுகிறது, அதற்கு இசட் என்ற ஒன்றே கிடையாது. பேனலில் இருந்து தொடங்கும்போது உங்கள் பெயரில் ஓடுகிறது, அதனால் தெரிகிறது. பேனலையே 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்து பாருங்கள், அப்போதும் இசட் காணாமல் போக வாய்ப்பு உண்டு.

இசட்டை மறந்துவிட்டு நாஸின் பெயரோடு முழு நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள். அப்பாச்சி அமைப்பில் சாய்கோடுகளை முன்பக்கம் சாய்ந்ததாகப் போடவும், தொடக்கத்தில் இரண்டு. பிறகு சர்வீஸ் பண்புகளில் லாக்ஆன் பகுதியில் ஒரு பயனர் கணக்கைக் கொடுத்து, அதே பெயர், அதே கடவுச்சொல்லில் நாஸிலும் ஒரு கணக்கை உருவாக்குங்கள்.

சேலத்துக்காரன் | செவ்வாய், இரவு 9:17

ஓடுகிறது. கணக்கு மாற்றாமல் முதலில் பாதையை மட்டும் மாற்றிப் பார்த்தேன், நடக்கவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான். நன்றி ஐயா.

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 9:30

விண்டோஸ் கேள்விகளுக்கு இனி தனி இழை தொடங்கவும். இதை மட்டும் விட்டுவைக்கிறேன், விடை பொருத்தமாக இருப்பதால்.

வைகைக்கரை | வியாழன், காலை 10:20

மறுபடியும் நான்தான். நேற்று எங்கள் பக்கம் மின்தடை, மாதாந்திரப் பராமரிப்பு. மாலை கரண்ட் வந்ததும் எல்லாம் தானாக ஆன் ஆனது. இன்று காலை பக்கத்தைத் திறந்தால் எல்லாப் படமும் 404, அதாவது கோப்பே இல்லை. எஸ்ஆர்வி ஃபோல்டர் காலி! உயிரே போய்விட்டது. நாஸைத் திறந்து பார்த்தேன், படங்கள் இருக்கின்றன. கையால் மவுண்ட் கட்டளை கொடுத்ததும் எல்லாம் திரும்பி வந்தது.

பழையபெட்டி | வியாழன், காலை 10:45

கரண்ட் வந்ததும் எஸ்எஸ்டி போட்ட சர்வர் அரை நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிடும். நாஸ் டிஸ்க்கைச் சுழற்றி, சரிபார்த்து, மெதுவாகத்தான் வரும். சர்வர் கதவைத் தட்டியபோது நாஸ் தூங்கிக்கொண்டிருந்தது, தட்டியது ஒரே முறை. மவுண்ட் ஆகாத இடம் வெறும் காலி ஃபோல்டர், அதனால்தான் 403 இல்லாமல் 404.

எஃப்எஸ்டேப் வரியில் மூன்று ஆப்ஷன் சேருங்கள்: அடிக்கோட்டோடு நெட்டெவ், நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி ஆட்டோமவுண்ட். கடைசி ஒன்றுதான் முக்கியம். யாராவது அந்த ஃபோல்டரைத் தொடும்போதுதான் மவுண்ட் செய்ய முயலும், தோற்றால் அடுத்த முறை தொடும்போது மறுபடி முயலும். நோஃபெயில் இல்லாவிட்டால் நாஸ் இல்லாத நாளில் சர்வரே எமர்ஜென்சி மோடில் நின்றுவிடலாம்; கடையில் மானிட்டர் இல்லாத சர்வர் என்றால் வேடிக்கைதான்.

கொக்குவில் | வியாழன், காலை 11:30

டாக்கரில், அதாவது கன்டெய்னர் என்ற தனி அறைக்குள் மென்பொருளை ஓட்டுகிற ஆட்களுக்கு ஒரு சொல். கன்டெய்னர் முதலில் எழும்பி, பிறகு நாஸ் மவுண்ட் ஆனால், வெளியில் படங்கள் தெரியும், கன்டெய்னருக்குள் காலியாகவே இருக்கும். கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். நான் இதில் ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தனான்.

நீலமலை | வியாழன், மதியம் 3:00

எனக்கு ராக்கி லினக்ஸ் (ரெட் ஹேட் வகை), நாஸுக்கு என்எஃப்எஸ் பகிர்வு முறை. அனுமதி எல்லாம் சரி, அப்பாச்சியின் பயனராக எல்எஸ் போட்டால் தெரிகிறது, பிரவுசரில் மட்டும் 403. இந்த இழையில் உள்ள அத்தனையும் செய்துவிட்டேன்.

இரவுப்பணி | வியாழன், மதியம் 3:22

எஸ்இலினக்ஸ், அதாவது வழக்கமான அனுமதிகளுக்கு மேல் இன்னொரு காவல். சூடோவில் நீங்கள் ஓட்டிய எல்எஸ் அப்பாச்சியின் பெயரில் ஓடியது, அப்பாச்சியின் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் ஓடவில்லை. அதனால்தான் அந்தச் சோதனை ரெட் ஹேட் வகை லினக்ஸில் ஏமாற்றும். ஆடிட் லாகில் ஏவிசி என்று தொடங்கும் மறுப்பு வரி இருக்கும். நாஸ் என்எஃப்எஸ் என்றால் 'எச்டிடிபிடி யூஸ் என்எஃப்எஸ்', சம்பா (விண்டோஸ் முறைப் பகிர்வு) என்றால் 'எச்டிடிபிடி யூஸ் சிஐஎஃப்எஸ்' என்கிற பூலியனை (ஆன், ஆஃப் என்று மட்டும் வைக்கும் அமைப்பு) ஆன் செய்யுங்கள், பெரிய பி ஆப்ஷனோடு. இல்லாவிட்டால் ரீபூட்டில் பழையபடி ஆகிவிடும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள்.

என்எஃப்எஸ்ஸில் பின்னால் கோப்பு எழுதவும் நினைத்தால் இன்னொன்று: அங்கே பெயர் பார்ப்பதில்லை, எண் பார்க்கிறது. உங்கள் அப்பாச்சிக்கு யூஐடி 48, டெபியனில் 33. நாஸில் 48 யார் என்று பாருங்கள். ரூட்டாகப் போனால் எடுபடும் என்றும் எண்ண வேண்டாம். ரூட் ஸ்குவாஷ் வழக்கமாகவே இருக்கும், ரூட்டை யாருமற்றவராக மாற்றிவிடும்.

நீலமலை | வியாழன், மதியம் 3:31

பூலியன்தான். வந்துவிட்டது.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 7:50

இப்போது ஒரு விசித்திரம். கேலி செய்யாமல் படியுங்கள்.

படங்களை ஊர் வாரியாக ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறோம், பெயர்கள் தமிழில். பக்கத்தில் ஊர் பெயரைத் தொட்டால் அந்த ஃபோல்டர் திறக்கும். மேலூர், தேனி, திண்டுக்கல், கம்பம், பெரியகுளம், உசிலம்பட்டி, தூத்துக்குடி எல்லாம் திறக்கின்றன. கோவை, போடி, சோழவந்தான், பொள்ளாச்சி, தேவகோட்டை, நாகர்கோவில் திறக்கவில்லை. 404. எஃப்எஸ்டேப் ஒன்றுதான், மவுண்ட் ஒன்றுதான், நாஸ் ஒன்றுதான். அனுமதி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி. ஊர் பார்த்தா சர்வர் வேலை செய்யும்?

வேகவண்டி | ஞாயிறு, இரவு 8:02

777?

பழையபெட்டி | ஞாயிறு, இரவு 8:20

404 என்றால் அனுமதிப் பிரச்சினை இல்லை, கோப்பே கண்ணில் படவில்லை. பெயரின் கடைசியில் இடைவெளி ஏதாவது இருக்கிறதா? ஃபோல்டர் பெயரை எல்எஸ் வெளியீட்டில் இருந்து நகலெடுத்து இங்கே ஒட்டுங்கள்.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 8:41

இடைவெளி இல்லை. எழுத்துப்பிழையும் இல்லை, அக்காவை வைத்தும் பார்த்துவிட்டேன், அவள் தமிழ் டீச்சர். இன்னொரு வேடிக்கை: அப்பாச்சியின் ஃபோல்டர் பட்டியல் பக்கத்தை ஆன் செய்து, அதில் 'கோவை' என்று இருப்பதைத் தொட்டால் திறக்கிறது! எங்கள் பக்கத்தில் உள்ள 'கோவை'யைத் தொட்டால் 404.

அச்சுக்கோப்பவன் | ஞாயிறு, இரவு 9:33

எனக்கு சர்வர் பற்றி எதுவும் தெரியாது. முப்பது வருடம் அச்சகத்தில் இருந்தவன், பின்னாளில் டிடிபி. இந்த இழையை வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். ஆனால் உங்கள் இரண்டு பட்டியலையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது.

திறக்காத ஊர் எல்லாவற்றிலும் ஒகர ஓகார உயிர்மெய் இருக்கிறது. கோ, போ, சோ, பொ, கோ, கோ. அதாவது எழுத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும். திறக்கிற ஊர்களில் அது ஒன்றில் கூட இல்லை. பெரியகுளத்தில் ஒற்றைக்கொம்பு மட்டும், தேனியிலும் மேலூரிலும் இரட்டைக்கொம்பு மட்டும், கால் இல்லை.

ஈய எழுத்துக் காலத்தில் கொம்பு ஒரு கட்டை, கால் ஒரு கட்டை. தனித்தனியாக எடுத்துத்தான் கோப்போம். கணினியில் அப்படி எங்காவது நடக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 9:50

ஐயா, கால் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், தொட்டுக் கும்பிடுகிறேன்.

அதேதான் நடக்கிறது. யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதுவது ஒன்று. இரட்டைக்கொம்புக் குறி, அதை அடுத்துக் கால் குறி என்று இரண்டாக எழுதுவது மற்றொன்று. ஒகரம், ஔகாரத்துக்கும் அப்படியே. திரையில் இரண்டும் ஒரே மாதிரி வரும், தமிழ் டீச்சரானாலும் கண்டுபிடிக்க முடியாது. யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது. ஆனால் லினக்ஸுக்குக் கோப்புப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'கோ' ஒரு வகையில் 6 பைட், இன்னொரு வகையில் 9 பைட். நம் கண்ணுக்கு ஒரு கோவை, லினக்ஸுக்கு இரண்டு ஊர்.

பட்டியல் பக்கத்தில் திறந்ததற்கும் இதுதான் காரணம். அப்பாச்சி அங்கே நாஸில் உள்ள பைட்டுகளை அப்படியே லிங்க் ஆக்குகிறது. உங்கள் பக்கத்தில் ஊர் பெயர் டேட்டாபேஸில் இருந்து வருகிறது, அது விண்டோஸில் தட்டச்சு செய்தது, ஒரே குறியாக இருக்கும்.

இப்போது கேள்வி: நாஸில் ஃபோல்டர்களை உருவாக்கியது எந்தக் கணினி? மேக்கா?

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 10:06

ஆமாம்! ஆல்பம் டிசைன் செய்பவர் பழைய ஐமேக் வைத்திருக்கிறார். ராத்திரி 11 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, அதில் இருப்பதெல்லாம் நாஸுக்குப் போகும். ஆர்சிங்க் என்று அதில் எழுதியிருக்கிறது.

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 10:24

மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். அது தப்பில்லை, ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்கிறது, அவ்வளவுதான். நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் அந்தப் பைட்டுகளை மாற்றாமல் நாஸில் கொண்டு போய் வைத்துவிட்டது.

கோப்புப் பெயர்களை மாற்றும் கான்வ்எம்வி என்ற கருவியை நிறுவுங்கள். இரண்டு பக்கமும் யூடிஎஃப்-8 என்று கொடுத்து, கூடவே பிரிந்ததை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி ஆப்ஷன். அது முதலில் எதையும் மாற்றாது, எதை எப்படி மாற்றப் போகிறேன் என்று பட்டியல் மட்டும் காட்டும். பொறுமையாகப் படித்துவிட்டு, நோடெஸ்ட் ஆப்ஷன் சேர்த்து மறுபடி ஓட்டினால்தான் பெயர் மாறும். உங்கள் மவுண்ட் படிக்க மட்டும் என்பதால், இந்த வேலைக்காக மட்டும் எழுதும் அனுமதியுள்ள கணக்கில் வேறு இடத்தில் தற்காலிகமாக மவுண்ட் செய்யுங்கள்.

கொக்குவில் | ஞாயிறு, இரவு 10:40

அப்ப என்ர பெயரே இந்தச் சோதனையில் தோற்கும் போல.

அச்சுக்கோப்பவன் | ஞாயிறு, இரவு 10:44

எனக்கும்தான் தங்கச்சி.

வைகைக்கரை | திங்கள், காலை 9:30

நேற்று ராத்திரியே ஓட்டினேன். 214 ஃபோல்டர் பெயர் மாறியது, கோவை முதல் நாகர்கோவில் வரை எல்லாம் திறந்தன. நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் ஃபைல் மேனேஜரில் பார்க்கிறேன், 'கோவை' என்று இரண்டு ஃபோல்டர் இருக்கிறது. 'போடி'யும் இரண்டு. நாஸில் இடம் 91 விழுக்காடு நிரம்பிவிட்டது என்று மின்னஞ்சல் வேறு வந்திருக்கிறது.

பழையபெட்டி | திங்கள், காலை 9:52

11 மணி ஸ்கிரிப்ட்! அதை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டோம். நீங்கள் பெயர் மாற்றியதும், ஆர்சிங்க் வந்து பார்த்தது, அதற்குத் தெரிந்த கோவை அங்கே இல்லை, திரும்பவும் முழுதாகக் கொண்டு வந்து இறக்கிவிட்டது. ஸ்கிரிப்டில் டிலீட் ஆப்ஷன் இல்லை போலிருக்கிறது. இருந்திருந்தால் நீங்கள் பெயர் மாற்றியதை எல்லாம் அழித்துவிட்டுப் பழைய பெயரில் வைத்திருக்கும், நாம் மறுபடி ஊர் பட்டியலைப் பார்த்து முழித்துக்கொண்டிருப்போம்.

இரவுப்பணி | திங்கள், காலை 10:10

என் தப்புதான், மன்னிக்கவும். முதலில் ஐமேக்கில் உள்ள ஆர்சிங்க் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பழைய மேக்கோடு வருவது 2.6.9. பெயரை வழியில் மாற்றுகிற ஐகான்வ் ஆப்ஷன் 3.0இல்தான் வந்தது, அதனால் புதியதை ஹோம்ப்ரூ (மேக்கில் மென்பொருள் நிறுவும் கருவி) வழியாக நிறுவ வேண்டும். பிறகு ஸ்கிரிப்டில் ஐகான்வ் ஆப்ஷனுக்கு முதலில் யூடிஎஃப்-8-மேக், காற்புள்ளி, அடுத்து யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். ஸ்கிரிப்ட் ஓடுவது மேக்கில் என்பதால் இந்த வரிசை. நாஸில் உள்ள ஆர்சிங்க்கும் 3.0க்கு மேல் இருக்க வேண்டும். ஹைஃபனோடு 'என்' என்ற ஆங்கில எழுத்தைக் கொடுத்து ஒத்திகை பார்த்துவிட்டு ஓட்டுங்கள், எதையும் நகலெடுக்கப் போவதில்லை என்று காட்டினால் சரி.

இரட்டை ஃபோல்டர்களை அழிக்கும் முன் இரண்டிலும் கோப்பு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அவசரம் வேண்டாம், கல்யாணப் படம்.

வைகைக்கரை | புதன், இரவு 8:15

ஐமேக்கில் 2.6.9தான் இருந்தது. புதியதை நிறுவி, ஒத்திகை பார்த்து, இரண்டு ராத்திரி ஓடவிட்டேன். இரட்டிப்பு எதுவும் வரவில்லை. பழைய ஃபோல்டர்களை எண்ணிக்கை சரிபார்த்து ஒவ்வொன்றாக அழித்தேன். பொள்ளாச்சியில் மட்டும் ஒரு பக்கம் 12 படம் அதிகம் இருந்தது; டிசைனர் திங்கட்கிழமை பகலில் சேர்த்தவை, எடுத்து வைத்துவிட்டேன்.

இன்று காலை ஓசூரில் இருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஏதோ பிரச்சினைன்னு சொன்னீங்களே, 777 போட்டுப் பாத்தீங்களா?" என்றான்.

வேகவண்டி | புதன், இரவு 8:19

பாத்தீங்களா, நான் தனி ஆள் இல்லை.